அவதூறுச் சட்டம்: மானமும் காக்கப்பட வேண்டும், உண்மையும் பேசப்பட வேண்டும்

மனிதனின் உயிரையும் பொருளையும் போலவே அவனது மானத்தையும் புனிதமானதாக இஸ்லாம் கருதுகிறது. அதற்காக அநீதியைக் கண்டும் வாய்மூடி இருக்கச் சொல்லவில்லை. அவதூறுச் சட்டத்தை இந்த இரண்டையும் மனதில் வைத்தே நாம் அணுக வேண்டும்.

நம் நாட்டில் அவதூறுக்காக இழப்பீடு கேட்டும் வழக்குத் தொடரலாம். குற்ற வழக்கும் தொடரலாம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 பிரிவுகளாக இருந்தவை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக உள்ளன. இதன்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். எழுதியது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது; பொதுநலனுக்காகவே வெளியிட்டோம் என்றும் காட்ட வேண்டும். இச்சட்டம் செல்லும் என 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்டை நாடான இலங்கையோ 2002இலேயே குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது.

பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது சிறைத்துறை எதிர்த்தது. வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை என 1994இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பத்திரிகையாளர்கள் மீது தமிழக அரசு தொடுத்திருந்த பல அவதூறு வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆனாலும் தீர்ப்பு வரும்வரை நீதிமன்றத்துக்கு அலைவதே சிறு பத்திரிகைக்குத் தண்டனையாகிவிடுகிறது. அந்த அச்சத்தில் ஆசிரியர் கைவிடும் செய்தியால் இழப்பு, பாதிக்கப்பட்ட ஏழைக்குத்தான்.

சட்டம் பத்து விதிவிலக்குகளைத் தந்துள்ளது. அவற்றில் பல, நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்டதா என்று பார்க்கின்றன. உரிய கவனமின்றிச் செய்ததைச் சட்டம் நல்லெண்ணமாக ஏற்பதில்லை. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற குர்ஆனின் கட்டளையும் (49:6) இதையே நமக்குக் கற்பிக்கிறது. பிறர் குறையைப் பேச அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்கியுள்ளார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவதும், தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பதும் அவற்றில் அடங்கும்.

எனவே ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்த்தரப்பின் விளக்கத்தையும் கேட்டு எழுதுவோம். அதிகாரியின் பொதுக் கடமையை விமர்சிப்போம். அவரது குடும்பத்தை விட்டுவிடுவோம். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே பகிர்வோருக்கும் இதே சட்டம்தான். மறுமையில் கேள்வியும் உண்டு.