கிளி கோபுரத்துக் கணக்கு

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து பௌர்ணமிக்குப் புறப்பட்டு, 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, கால் வலியோடு அண்ணாமலையார் ஆலயத்துக்குள் நுழைகிறவர்கள், கிளி கோபுரத்தடியில் ஒரு கணம் நின்று அண்ணாந்து, அங்கிருக்கும் கிளியுருவைக் குழந்தைகளுக்கு விரல் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் அப்பால் செல்வார்கள். அந்தக் கிளி அருணகிரிநாதர் என்பது ஐதிகம். பிரபுடதேவ மன்னன் கண்ணொளி இழந்தபோது, தேவலோகத்துப் பாரிஜாத மலரைக் கொணர்வதற்காக அருணகிரியார் தம் உடலைக் கோபுரத்தில் கிடத்திவிட்டு இறந்த கிளியொன்றின் உடலில் புகுந்து பறந்தார் என்றும், பொறாமை கொண்ட சம்பந்தாண்டான் அதற்குள் அவ்வுடலைப் பிணமென்று கூறித் தகனம் செய்வித்தான் என்றும், மலரோடு திரும்பிய முனிவர் கிளியாகவே நின்றுவிட்டார் என்றும் ஊரில் சொல்வார்கள்.

பரகாயப் பிரவேசம் என்றும் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றும் நம்மவர் சொல்லிவந்த இந்த வித்தைக்கு நீண்ட சம்பிரதாயம் உண்டு. சாத்தனூரில் இறந்துகிடந்த ஆயன் மூலனின் உடலில் புகுந்து திருமூலர் ஆனவரின் கதையைச் சேக்கிழார் சொல்கிறார். ஆதிசங்கரர் அமருக மன்னனின் உடலில் புகுந்தார் என்பது இன்னொரு கதை. இவற்றை நான் பக்தியோடு மட்டுமன்றிச் சற்றுக் கணக்குப்பிள்ளையின் புத்தியோடும் படித்ததுண்டு. அப்படிப் படித்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஸ்தூல சரீரம் எந்தக் கதையிலும் பயணம் செய்வதில்லை. புகவேண்டிய உடல் அந்த இடத்திலேயே ஆயத்தமாகக் கிடக்கிறது. அதேபோல, ஒருவரே இரண்டு உடல்களில் ஏககாலத்தில் உயிரோடு உலவினார் என்றும் இக்கதைகள் சொல்வதில்லை.

தந்தி வந்த பிறகு தூரத்துச் செய்தி என்பது வேறு வியவகாரமாயிற்று. 2013 ஜூலை 14 வரை நம் நாட்டில் நடந்த அந்தச் சேவையில், அனுப்புகிறவர் எழுதிய படிவம் அவருடைய ஊர் ஆபீசிலேயே தங்கிவிடும். வந்து சேரும் காகிதம் நம்மூர் ஆபீசின் காகிதம். தந்திச் சேவகர் தெருமுனையில் தலைகாட்டியதுமே, உறையைப் பிரிக்காமலே ஒப்பாரி தொடங்கிய வீடுகள் எத்தனையோ! அங்கே காகிதமும் மையும் உள்ளூர்ச் சரக்கு. கம்பி வழியே வந்தது சேதி மாத்திரம். மூலப்பிரதியோ பத்திரமாக இருக்கும். ஒரே சேதியைப் பத்து ஊருக்கும் அடிக்கலாம்.

அணு உலகத்தில் அந்தச் சலுகை இல்லை. 1982இல் நிக் ஹெர்பர்ட் என்பவர் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப ஒரு யுக்தியை வெளியிட்டார். அக்கட்டுரையைப் பரிசீலித்த ஆஷர் பெரெஸ், அது தவறென்று தெரிந்தே, தவறு எங்கே என்று தேடுவது பயன்தரும் எனக் கருதிப் பிரசுரத்துக்குச் சம்மதித்ததாகப் பின்னர் எழுதினார். தேடியவர்கள் கண்டெடுத்ததை அதே ஆண்டில் வூட்டர்ஸும் ஜூரெக்கும், தனியே டீக்ஸும் நிறுவினார்கள்: இன்னதென்று அறியப்படாத ஒரு குவாண்டம் நிலையைப் படியெடுக்க இயலாது.

படியெடுக்க முடியாததை இடம் மாற்றவாவது முடியுமா என்ற கேள்விக்கு, 1993இல் பென்னெட், பிரஸார்ட், க்ரெப்போ, ஜோஸா, பெரெஸ், வூட்டர்ஸ் ஆகிய அறுவரும் சேர்ந்து விடை தந்தார்கள். ஒன்றின் நிலையை மற்றொன்றை விட்டுத் தனியே சொல்ல முடியாதபடி பிணைப்புற்ற இரண்டு துகள்களில் ஒன்றை அனுப்புகிறவரும் மற்றொன்றைப் பெறுகிறவரும் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். அனுப்புகிறவர், தம்மிடமுள்ள அறியாத துகளையும் பிணைப்புத் துகளையும் சேர்த்து ஒரே அளவீட்டுக்கு உட்படுத்துவார். நான்கு விளைவுகளில் ஒன்று தற்செயலாக வரும். அக்கணமே மூலத்தின் நிலை அழிந்துபோகும். எந்த விளைவு என்பதை இரண்டு பிட்டுகளில் சாதாரணத் தந்தி போல் அனுப்ப, பெறுகிறவர் அதற்கேற்பத் தம் துகளைத் திருத்தினால் பழைய நிலை அங்கே தோன்றும். அந்த நிலை யாதென்று இருவருக்குமே கடைசிவரை தெரியாது. பிணைப்பும் செலவாகிவிடும், அடுத்த நிலைக்குப் புதிய ஜோடி வேண்டும்.

தந்தி வராவிட்டால் பெறுகிறவரின் துகள் வெறும் குருட்டுத் தாயம். கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் தீபம் ஏற்றிய சேதியே கீழ்பென்னாத்தூர் மாடிக்கு, 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு விநாடியின் 20,000இல் ஒரு பங்கு தாமதித்துத்தான் வருகிறது. பிணைப்புத் துகளும் அந்த ஒளிவேக எல்லையைத் தாண்டிச் சேதி தருவதில்லை. ஹெர்பர்ட்டின் ஆசை இங்கும் நிறைவேறவில்லை.

பிணைப்பே இல்லாமல், அளந்து பார்த்துச் சொல்லியனுப்பி அங்கே ஒன்றைப் புனைந்தால், மூலத்தோடு அதன் ஒப்புமை சராசரியில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது என்பது நிர்ணயமான வரம்பு. 1997இல் இன்ஸ்ப்ரூக்கில் ட்ஸைலிங்கர் குழு பிணைப்பைக் கொண்டு ஒளித்துகளின் முனைவாக்கத்தை இடம் மாற்றியபோது நான்கு விளைவுகளில் ஒன்றையே இனங்காண முடிந்தது. 2017இல் சீனர்கள் திபெத்திலிருந்து 1,400 கிலோமீட்டர் வரை தொலைவிலிருந்த மிசியஸ் செயற்கைக்கோளுக்கு மாற்றியபோது ஒப்புமை 80 சதவீதம். இத்துறையில் நம் சென்னையின் பங்கும் சிறிதன்று. அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் தோற்றுவித்த கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். சைமன், ஒளிப்புலம் போன்ற தொடர்ச்சியான அளவுகளையுடைய அமைப்புகளில் பிணைப்பு மெய்யாகவே உண்டா என்று சோதிக்கும் அளவுகோலை 2000இல் வகுத்தார். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அது இன்று அன்றாடக் கருவி; அந்நிறுவனம் இருக்கும் தரமணியைத் தாண்டினால் அவர் பெயரை அறிந்த தமிழர் மிகச் சிலரே என்பதுதான் எனக்கு உறுத்தல்.

மனிதனை அனுப்பலாமா என்று கேட்பவர்கள் கணக்கையும் கேட்க வேண்டும். 70 கிலோ உடலில் ஏறக்குறைய 70 லட்சம் கோடி கோடி கோடி என்றெல்லாம் தமிழில் அடுக்கினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்; 7க்குப் பின்னால் 27 பூஜ்யம் இட்ட அளவு அணுக்கள் என்று விட்டுவிடுகிறேன். அணுவுக்கு இரண்டே பிட் என்று கஞ்சத்தனமாகப் பார்த்து, விநாடிக்கு ஒரு லட்சம் கோடி பிட்டுகள் அனுப்பினாலும், அந்தத் தந்தி மட்டும் முடிய 44 கோடி ஆண்டுகள் ஆகும். சம்பந்தாண்டானுக்கு அவசரமே இருந்திராது. முதல் அளவீட்டிலிருந்தே உடலின் நிலையை அழிக்கும் வேலையை இயற்கையே ஏற்றுக்கொள்கிறது.

உடலோடு ஆன்மாவையும் அனுப்ப முடியுமா என்று ஒரு நிருபர் கேட்டபோது, உடல் போகாது, ஆன்மா மட்டுமே போகும் என்று பெரெஸ் வேடிக்கையாகச் சொன்னாராம். அவர் கிளி கோபுரத்தைப் பார்த்திருந்தால் இன்னும் சிரித்திருப்பார். இதுவரை இந்த முறையில் போய்ச் சேர்ந்தவை ஒளித்துகளின் முனைவாக்கம், அணுக்களின் உள்நிலை போன்றவையே. பாரிஜாதத்தின் ஓர் இதழ்கூட இன்னும் போகவில்லை.