பரங்கிப்பேட்டை ஹீத்தும் எஃகில் மாங்கனீசும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்பவர்கள், கிழக்கே வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை இருப்பதை அறிவார்கள். இங்கே 1830ஆம் ஆண்டில் ஓர் இரும்பாலை எழுந்தது. நிறுவியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு, சேலத்து இரும்புத்தாதுவை மரக்கரி கொண்டு உருக்க முனைந்தவர். உங்கள் வீட்டுக் கூரையில் பதித்த கம்பிக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. அது என்னவென்று பார்ப்போம்.

ஆலை எதிர்பார்த்த இலாபம் தரவில்லை. ஆனால் ஹீத்தின் எஃகு ஆராய்ச்சி ஓயவில்லை. அக்காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தார், நல்ல எஃகு செய்ய விலையுயர்ந்த சுவீடன் இரும்பையே நம்பியிருந்தனர். உள்நாட்டு இரும்பில் செய்த எஃகோ, காய்ச்சி அடிக்கும்போது வெடித்தது. மூசையில் உருகும் எஃகுடன் மாங்கனீசும் கரிமமும் சேர்ந்த பொருளைச் சிறிதளவு இட்டால் இக்குறை நீங்கும் என ஹீத் கண்டார். 1839இல் காப்புரிமையும் பெற்றார்.

இது எப்படி நிகழ்கிறது? எஃகு என்பது நுண்ணிய படிகக் குருணைகளின் தொகுதி. இரும்பிலுள்ள கந்தகம் இரும்பு சல்பைடாகி, குருணைகளுக்கிடையே மெல்லிய படலமாகப் படிகிறது. சுமார் 1000 டிகிரி செல்சியசில் அப்படலம் உருகிவிடும். செங்கல் எவ்வளவு உறுதியானாலும், இடையிலுள்ள மண்சாந்து மழையில் கரைந்தால் சுவர் நிற்குமா? சம்மட்டி அடியில் எஃகும் அப்படித்தான் பிளந்தது. மாங்கனீசுக்கோ இரும்பைவிடக் கந்தகத்தின்மீது நாட்டம் அதிகம். அது உண்டாக்கும் மாங்கனீசு சல்பைடு எளிதில் உருகாது. படலமாகப் பரவாமல் தனித்தனி மணிகளாக ஒதுங்கிவிடும்.

எஞ்சிய மாங்கனீசு அணுக்கள் இரும்புப் படிகத்தில் இடம்பிடித்து, அணு அடுக்குகள் வழுக்குவதைத் தடுக்கின்றன. எஃகு ஆறும்போது உருவாகும் அமைப்பையும் நுண்மையாக்குகின்றன. இதனால் வலிமை கூடுகிறது. 1882இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு மாங்கனீசைச் சுமார் 12 சதவிகிதத்துக்கு உயர்த்தினார். படிக அமைப்பே மாறி, அடிக்க அடிக்க இறுகும் எஃகு கிடைத்தது. கல்லுடைக்கும் எந்திரத் தாடைகள் அதில் ஆனவை.

ஹீத்துக்குக் கிடைத்தது என்ன? அவருடைய முகவரான அன்வின் என்பவர், மாங்கனீசு ஆக்சைடையும் நிலக்கரித் தாரையும் நேரே மூசையில் இட்டு எஃகு செய்தார். மூசைச் சூட்டில் இவ்விரண்டும் வினைபுரிந்து, ஹீத் சொன்ன பொருளையே தருகின்றன என்பது ஹீத் தரப்பு வாதம். ஆனால் காப்புரிமைப் பத்திரத்தில் எழுதியிருந்ததோ முன்கூட்டியே செய்த சேர்மம் மட்டுமே! ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 1851இல் ஹீத் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

தீர்ப்பு எதுவானாலும் மூசைக்குள் நடப்பது மாறவில்லை. இன்று சாதாரணக் கட்டடக் கம்பியிலும் மாங்கனீசு இருக்கிறது. அடுத்த முறை பரங்கிப்பேட்டை வழியாகச் செல்லும்போது, வழக்கில் தோற்று எஃகில் வென்ற அந்த மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.