சோகை என்னும் ஒற்றைச் சொல்: திக்லிபூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வட அந்தமானின் கிழக்குக் கரையில், இன்றைய திக்லிபூர் வட்டாரத்தில் அமைந்துள்ள போர்ட் கார்ன்வாலிஸ் துறைமுகத்தில் 1792-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கும்பினி ஒரு குடியேற்றத்தை அமைத்தது. 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் தெற்கே சாத்தம் தீவில் தொடங்கியிருந்த குடியேற்றமே, கடற்படைக்கு ஏற்ற துறைமுகம் என்னும் கணக்கில் இங்கு இடம்பெயர்க்கப்பட்டது. கணக்கு பொய்த்தது. நோயும் சாவும் ஓயாததால் 1796-இல் அக்குடியேற்றம் கைவிடப்பட்டது.

காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணம் என்று நம்பப்பட்ட காலம் அது. மலேரியா ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்து வெளியேறுகிறது என்பதும், மீண்டும் மீண்டும் காய்ச்சல் கண்டவர் வெளுத்துத் தளர்வது அதனால்தான் என்பதும் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே தெளிந்தன. அந்தமானின் இவ்வட முனையில் வெளியார் குடியேறிய வரலாறு இவ்வாறு இரத்தத்தோடு பிணைந்தே தொடங்குகிறது. சோகையைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு அவ்வரலாற்றின் வழியாகவே விடை தேடுவது பயனுள்ளது.

சோகை என்பது ஒரு நோயின் பெயரா?

அன்று. அது ஓர் அடையாளத்தின் பெயர். சொற்களே இதற்குச் சான்று. சித்த, ஆயுர்வேத மரபுகளில் வழங்கும் 'பாண்டு' என்னும் சொல்லுக்கு வெளிறிய மஞ்சள் நிறம் என்பது பொருள். 'வெளுப்பு நோய்' என்னும் தமிழ் வழக்கும் நிறத்தையே சுட்டுகிறது. 'சோகை' என்னும் சொல்லைக் கேட்கும் உழவருக்குக் காய்ந்து வெளிறிய கரும்புத் தோகையும் நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலும் இதே நிலைதான். இளம்பெண்களின் வெளிறலைக் குறிக்கக் 'குளோரோசிஸ்' என்னும் சொல் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்திற்கு வந்தது. பசுமஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. 1554-இல் யோகன்னஸ் லாங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நிலையைக் கன்னியர் நோய் என்று விவரித்து, அதற்குத் திருமணத்தையே மருந்தாகப் பரிந்துரைத்தார்.

தமிழ் இலக்கியத்தின் 'பசலை' இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. திருக்குறளில் அதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. ஆயினும் பசலை ஓர் அகப்பொருள் மரபு. அதனை நோயறிக்கையாக வாசிப்பது பிழை. இரண்டுக்கும் இடையிலான ஒற்றுமை வேறொன்றை உணர்த்துகிறது: பெண்ணுடலின் வெளிறலை மனத்தின் விளைவாகவும் மணவாழ்வின் குறையாகவும் காணும் பழக்கம் பல பண்பாடுகளுக்குப் பொதுவானது. இன்றும் ஒரு பெண்ணின் அயர்ச்சிக்கு 'மனக்கவலை' என்று எளிதில் பெயரிடப்படுகிறது. இரத்தப் பரிசோதனை பிந்திப் போகிறது.

நிறத்தை அளவாக மாற்றியது 1878-இல் வில்லியம் கவர்ஸ் வடிவமைத்த ஈமோகுளோபின் அளவி. அதன் பிறகே வெளுப்பு ஓர் எண்ணாயிற்று. கருவுறாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம், கருவுற்றவருக்கு முதல், மூன்றாம் மும்மாதங்களில் 11 கிராம், ஆணுக்கு 13 கிராம் என்னும் ஈமோகுளோபின் எல்லைகளுக்குக் கீழே இருப்பின் சோகை என்று உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ளது. இந்த எண்ணும் எவ்வளவு குறைந்துள்ளது என்பதையே சொல்லும். ஏன் குறைந்தது என்பதைச் சொல்லாது.

இரும்புச் சத்து கொடுத்தால் தீர்ந்துவிடாதா?

பெரும்பாலோருக்குத் தீரும். பழைய மருத்துவர் இதனைப் பட்டறிவால் அறிந்திருந்தனர். சித்த மருத்துவத்தின் அயச்செந்தூரம் இரும்பிலிருந்தும், மண்டூர மருந்துகள் இரும்புக் கிட்டத்திலிருந்தும் ஆக்கப்படுபவை. அன்னபேதி என்பது வேதியியலின் பெயரில் இரும்பு சல்பேட்டு. 1832-இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் பிளோ குளோரோசிசுக்கு வெற்றிகரமாக வழங்கிய மாத்திரையின் மூலப்பொருளும் அதே உப்புத்தான். இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் பல இரும்பு மாத்திரைகளிலும் அதுவே உள்ளது.

உணவிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேர்வதில்லை. தானியங்களின் பைட்டேட்டுகளும் தேநீரின் டானினும் அதனைத் தடுக்கின்றன; நெல்லிக்காய், எலுமிச்சை போன்றவற்றின் வைட்டமின் சி துணைபுரிகிறது. மாதவிலக்கில் இழக்கும் குருதியும் கருவைத் தாங்கும் தேவையும் பெண்ணின் இரும்புக் கணக்கை எப்போதும் பற்றாக்குறையிலேயே வைக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுடையோர். அதே வயது ஆண்களில் இவ்விகிதம் 25 விழுக்காடு.

நன்றாக உண்டும் சோகை வருவதேன்?

உண்பது எங்கோ கசிந்துகொண்டிருக்கலாம். 1880-ஐ ஒட்டி ஆல்ப்சு மலையில் செயின்ட் கோதார்ட் சுரங்கப்பாதை தோண்டிய தொழிலாளரிடையே கடுஞ்சோகை பரவியது. காரணம் சிறுகுடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு எனக் கண்டறியப்பட்டது. ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது, வகைக்கேற்ப, 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் வரையே. நூற்றுக்கணக்கில் பெருகும்போது அதுவே ஆளைச் சாய்த்துவிடும். புழுவின் இளவுயிரி மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது என்பதை ஆர்தர் லூஸ் கெய்ரோவில் 1898-இல் கண்டறிந்தார்.

தமிழருக்கு இவ்வரலாறு அந்நியமன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே ராக்கபெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டு நலவாழ்வுப் பிரிவு 1916-இல் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் இப்புழுவைச் 'சோம்பற் கிருமி' என்று செய்தித்தாள் அழைத்தது. உழைப்பாளியின் தளர்ச்சியை அவன் குணக்குறையாகப் பார்க்கும் பார்வை அப்பெயரில் பதிந்திருக்கிறது. மருந்து புழுவை வெளியேற்றும். கழிப்பறையும் காலணியும் இல்லாத இடத்தில் புழு திரும்பி வரும். காடு வெட்டியும் சேற்றில் நடவு செய்தும் வாழ்ந்த அந்தமான் குடியேறிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

இரும்பு போதுமானதாக இருந்தும் சோகை நேருமா?

நேரும். இதனை மெய்ப்பித்த ஆய்வுகளில் முதன்மையான ஒன்று இந்தியாவில் நடந்தது. கருவுற்ற பெண்களைக் கொல்லும் ஒருவகைக் கடுஞ்சோகையை ஆராய லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அந்நோயில் சிவப்பணுக்கள் சிறுக்கவில்லை, மாறாகப் பெருத்திருந்தன. நெசவாலைப் பெண்களின் உணவையும் வாழ்நிலையையும் அவர் ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், பின்னர் சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா மருத்துவமனையிலும் பணியைத் தொடர்ந்தார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு அச்சோகையைத் தீர்ப்பதை 1931-இல் வெளியிட்டார்.

இக்கண்டுபிடிப்பின் ஆழம் ஓர் ஒப்பீட்டில் உள்ளது. பெருத்த சிவப்பணுக்களைக் காட்டும் மற்றொரு சோகைக்கு மைனாட்டும் மர்பியும் 1926-இல் கல்லீரல் உணவை மருந்தாக நிறுவியிருந்தனர். 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12-தான் அதன் சாரம். அந்நோய்க்குப் பயன்பட்ட தூய்மையாக்கிய கல்லீரல் சாறு வில்ஸின் நோயாளிகளுக்குப் பயன்படவில்லை. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரிந்த இரு சோகைகள் வெவ்வேறு குறைகளின் விளைவுகள் என்பது இவ்வாறு புலப்பட்டது. 'வில்ஸ் காரணி' என்று அழைக்கப்பட்ட அப்பொருளே ஃபோலிக் அமிலம். 1945-இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய லெடர்லி ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1970-இல் இந்திய அரசு தொடங்கிய சோகைத் தடுப்புத் திட்டத்தின் மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. பம்பாயிலும் சென்னையிலும் கருவுற்ற பெண்களின் படுக்கையருகே தொடங்கிய ஆய்வின் பயன் அதில் அடங்கியுள்ளது.

சோகை பரம்பரையாக வருமா?

இக்கேள்வியே மீண்டும் திக்லிபூருக்கு இட்டுச் செல்கிறது. ஈமோகுளோபினை ஆக்கும் மரபணுவில் நேரும் மாற்றங்களால் வரும் சோகைகள் உணவாலோ மருந்தாலோ நீங்குபவை அல்ல. 1925-இல் தாமஸ் கூலி விவரித்த தலசீமியா அவற்றுள் ஒன்று. 1910-இல் ஹெரிக் அறிவித்த அரிவாளணுச் சோகை மற்றொன்று. இந்தியாவில் அது முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே லேமனாலும் கட்புஷ்ஷாலும் அறியப்பட்டது. 1954-இல் அறிவிக்கப்பட்ட 'ஈமோகுளோபின் இ' மூன்றாவது. இவை ஏன் வெப்ப மண்டலங்களில் மிகுந்துள்ளன? மாறிய மரபணு ஒன்று மட்டும் உடையவர் மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கப்படுகின்றனர். ஆதலால் அம்மரபணு தலைமுறைகளில் நிலைத்தது. தலசீமியாவைக் குறித்து இக்கருத்தை 1949-இல் முன்வைத்த ஜே. பி. எஸ். ஹால்டேன் பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் மறைந்தார்.

திக்லிபூரின் மக்கள்தொகை புலப்பெயர்வுகளால் ஆனது. 1918 முதல் சோட்டாநாக்பூரிலிருந்து காட்டு வேலைக்கு அழைத்து வரப்பட்ட ஒராவோன், முண்டா, காரியா மக்கள் தீவுகளில் 'ராஞ்சிக்காரர்' எனப் பெயர் பெற்றனர். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் தெற்கேயுள்ள மாயாபந்தர் வட்டாரத்தில் குடியேறினர். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காள அகதிகள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். 1950-களில் திக்லிபூர்ப் பகுதியில் காடு திருத்தி நிலம் பெற்றனர். காளிகாட், துர்காபூர், ராதாநகர், சுபாஷ்கிராம் என்னும் ஊர்ப்பெயர்கள் அவ்வரலாற்றின் பதிவுகள். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் உடன் சேர்ந்தனர்.

ஊர்ப்பெயர்களைப் போலவே மரபணுக்களும் பயணம் செய்கின்றன. 'ஈமோகுளோபின் இ' வங்காளம், வடகிழக்கிந்தியா, பர்மா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளில் பரவலானது. அரிவாளணு மரபணு நடு இந்தியப் பழங்குடி வட்டாரங்களில் மிகுதி. பீட்டா தலசீமியா இந்தியா முழுவதும் காணப்படுகிறது. 'ஈமோகுளோபின் இ' மரபணுவை மட்டும் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். அவரும் பீட்டா தலசீமியா சுமப்பாளர் ஒருவரும் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரு மாற்றங்களையும் பெற்ற குழந்தை பிறக்கக்கூடும். அக்குழந்தைகளுள் பலருக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தமேற்றல் தேவைப்படும். தலைநகரிலிருந்து தரைவழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரில் இதன் சுமை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது என்ன?

தலசீமியா சுமப்பாளருக்கும் இரும்புக் குறைவுடையவருக்கும் சிவப்பணுக்கள் ஒருங்கே சிறுத்திருக்கும். ஈமோகுளோபின் எண்ணை மட்டும் பார்ப்பவர் இருவருக்கும் ஒரே மாத்திரையை நீட்டுவார். முதலாமவருக்கு மாதக்கணக்கில் உண்டும் எண் உயராது; 'மாத்திரையை ஒழுங்காக உண்ணவில்லை' என்னும் பழி மட்டும் சேரும். முழு இரத்த எண்ணிக்கையில் சிவப்பணுவின் அளவும் எண்ணிக்கையும் முதல் தடயம் தரும். அணுக்கள் சிறுத்தும் எண்ணிக்கை மிகுந்தும் இருப்பின் தலசீமியாவை ஐயுற வேண்டும். ஃபெரிட்டின் அளவு இரும்பின் இருப்பைக் காட்டும். ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் சோதனை மரபு மாற்றத்தைக் காட்டும். சுமப்பாளருக்கும் இரும்புக் குறைவு சேர்ந்து வரலாம் என்பதால், சோதனையின்றி மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறே.

இதனால் மக்கள் திரளுக்கான மாத்திரைத் திட்டம் வீண் என்று பொருளாகாது. 2018-இல் தொடங்கிய 'சோகையற்ற பாரதம்' திட்டம் இரும்பு, ஃபோலிக் அமிலத்தோடு குடற்புழு நீக்கத்தையும், மலேரியா, ஈமோகுளோபின் குறைபாடுகள் போன்ற காரணங்களையும் தன் வரம்பில் சேர்த்திருப்பது வரலாற்றின் பாடத்தை ஏற்றதன் அடையாளம். 2023 ஜூலையில் அரிவாளணுச் சோகைக்கெனத் தேசிய இயக்கமும் தொடங்கியுள்ளது. திரளுக்குரிய விடை ஒருவருக்குப் பொருந்தாதபோது அடுத்த கேள்வியைக் கேட்கும் ஏற்பாடு உள்ளூர் மருத்துவமனை வரை இருக்கிறதா என்பதே எஞ்சும் வினா.

அக்கேள்வி மிக எளியது: 'உங்கள் தாத்தா பாட்டியின் ஊர் எது?' புலப்பெயர்வை ஆராய்பவர் கேட்கும் கேள்வியாகவே இது கருதப்பட்டு வந்துள்ளது. திக்லிபூர் போன்ற ஊரில் மகப்பேற்றுப் பதிவட்டையிலும் திருமணத்துக்கு முந்தைய ஆலோசனையிலும் இதற்கு இடம் வேண்டும். விடை எந்தச் சமூகத்தின் மீதும் முத்திரை குத்துவதற்கன்று. எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று தீர்மானிப்பதற்கே.