நெஞ்சடைப்பின் வரலாறு

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெண்களுக்கு மனநல ஆலோசனை வழங்குவது என் வேலை. வருகிறவர்களில் "எனக்கு மனச்சோர்வு" என்று தொடங்குபவர் அரிது. நெஞ்சை அடைக்குது, வயிறு எரியுது, கை கால் குடையுது என்றுதான் பேச்சு தொடங்கும். அதைத் தாண்டி 'உண்மையான' உணர்வுக்குப் போகவே எனக்குக் கற்றுத்தந்திருந்தார்கள். பல வருடம் நானும் தாண்டித்தான் போனேன்.

இந்தத் தாண்டல் எங்கிருந்து வந்தது? பேச்சுவழி சிகிச்சையின் தொடக்கமே உடம்புதான். பிராயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வுகளில் வரும் பெண்கள் கால்வலி, இருமல், மரத்துப்போன கை என்று வந்தவர்கள். 'பேச்சு வைத்தியம்' என்ற பெயரைத் தந்ததும் மருத்துவர் அல்லர். 'அன்னா ஓ' என்று மறைத்து எழுதப்பட்ட பெர்த்தா பாப்பன்ஹைம். பின்னாளில், 1904இல், ஜெர்மனியில் யூதப் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கியவர் அவர். எலிசபெத் என்ற புனைபெயரில் வரும் பெண்ணின் கால்வலி பேச்சினூடே கூடிக் குறைவதை பிராய்ட் திசைகாட்டியாகவே வைத்துக்கொண்டார். அதே பெண்களின் நெற்றியைக் கையால் அழுத்தி, நினைவுபடுத்தச் சொன்னவரும் அவர்தான். பிறகு தொடுவதை விட்டார், அது நல்லதே. ஆனால் உடம்பைக் கேட்பதும் கூடவே பின்னுக்குப் போயிற்று.

தமிழ்ச் சூழலில் அதை மீட்டவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போரின் துயரை உடல்வலியாகவே சொன்ன மக்களிடம் மூச்சுப் பயிற்சியையும், அவரவர் சமயச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதையும் சிகிச்சையில் சேர்த்தார்.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் திண்டிவனத்தில் ஓர் அக்காவிடம், "கண்ண மூடுங்க, மூச்சை மட்டும் கவனிங்க" என்றேன். உடனே அவர் உடம்பு விறைத்தது. "கண்ண மூடுனா அந்தாளு வந்து நிக்கிறான் மேடம்."

தவறு என்னுடையது. மாராப்பைச் சரிசெய், காலைச் சேர்த்து வை என்று உடம்பைக் கண்காணிக்க மட்டுமே பழக்கப்பட்டவர்கள் நாம். 'கவனி' என்பது நமக்கு இன்னொரு கட்டளையாகவே கேட்கும். அடிபட்ட உடம்புக்கு அது ஆபத்தும்கூட.

இப்போது கண்கள் திறந்தே இருக்கின்றன. எந்த நாற்காலி என்பதை வருகிறவரே முடிவு செய்கிறார். பாதம் தரையில் படுவதிலிருந்து தொடங்குகிறோம். வேண்டாம் என்றால் நிறுத்துகிறோம். நான் தொடுவதில்லை. "நெஞ்சை அடைக்குது" என்றால், "எந்த இடத்துலக்கா? இப்பவும் அடைக்குதா?" என்று கேட்கிறேன்.

அந்த அக்கா மூன்றாம் வாரம் சொன்னார்: "தரை சில்லுனு இருக்கு மேடம். இன்னும் கொஞ்சம் இப்படியே இருக்கட்டுமா?"