தேக்கும் காவலும்

நம் சாங்வியினின்று சில கல் தொலைவில், புனே நகரின் நடுவே நிற்கும் சனிவார் வாடாவை நம்முள் காணாதார் அரியர். முதலாம் பாஜிராவ் 1730ஆம் ஆண்டில் தொடங்கிய அம்மாளிகைக்குச் சிஞ்ச்வட் கல்லும், ஜெஜுரிச் சுண்ணாம்பும், ஜுன்னர்க் காட்டுத் தேக்கும் வந்தன. தேக்கிலுள்ள எண்ணெய் கறையானை அணுகவொட்டாது, ஈரத்தையும் தாங்கும். தேர்வில் குறையில்லை. ஆயினும், 1828இல் மூண்ட தீ ஏழு நாள் எரிந்து மரக்கட்டடத்தை விழுங்கிற்று. மதிலும் வாயிலும் கல் அடித்தளமுமே எஞ்சின.

இரண்டாம் பாஜிராவ் 1807இல் எழுப்பிய விஸ்ராம்பாக் வாடாவின் தேக்கு முகப்பையும் 1879இல் தீ தீண்டியது. அங்கோ, ஊரார் பொருள் திரட்டி எரிந்த பகுதியைப் புதுப்பித்தனர். அம்முகப்பின் வேலைப்பாட்டை இன்றும் நாம் கண்டு மகிழ்கின்றோம்.

நன்மரம் தேர்தல் ஒருவர் செயல். அதனைத் தலைமுறைதோறும் காத்தல் ஊரார் கடன். இவ்விரு வாடாக்களும் நமக்கு உணர்த்துவது இதுவே.