குளிசையின் அளவை யார் சொல்வது?

உங்கட அம்மாவோ பெரியம்மாவோ தைரொயிட் குளிசை போடுறவ எண்டால் இது தெரிஞ்ச காட்சிதான். காலமை எழும்பினவுடன் வெறும் வயிற்றில் ஒரு சின்னக் குளிசை. அதுக்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி இல்லை. சில மாதத்துக்கு ஒருக்கா இரத்தம் குடுத்து, ரிப்போட்டைக் கொண்டு கிளினிக் போகவேணும். அங்க டொக்டர் முதலில் தேடுவது ரி.எஸ்.எச் என்ற எண்ணை. "ஒரே அலுப்பா இருக்கு, தலைமயிர் கொட்டுது" எண்டு சொன்னால், "ரிப்போட் நோர்மல்தானே அம்மா" எண்டு பதில் வரும்.

இந்தப் பதிலுக்கு வயது ஐம்பது சொச்சம்தான். அதற்கு முந்திய எண்பது வருடங்கள் மருந்தின் அளவைச் சொன்னது நோயாளியின் உடம்பும் வாயும். அந்த வேலை எப்படி எண்ணுக்குக் கைமாறியது எண்டதுதான் இந்தக் கட்டுரை.

1874இல் லண்டன் வைத்தியர் வில்லியம் கல் ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். முகம் ஊதி, நாக்குத் தடித்து, பேச்சும் நடையும் மந்தமாகிப் போன நடுவயதுப் பெண்கள். நான்கு வருடம் கழித்து வில்லியம் ஓட் இதற்கு மிக்சிடீமா என்று பெயர் வைத்தார். காரணம் தெரியவில்லை.

காரணம் சுவிட்சர்லாந்தில் இருந்து, ஒரு கெட்ட வழியால் வந்தது. அந்த மலைநாட்டு மண்ணில் அயடீன் குறைவு. அதனால் கண்டக்கழலை அங்கு சாதாரணம். (எங்கட நாட்டின் ஈர வலயத்திலும் இதே பிரச்சினை இருந்தது. சுவிஸ்காரர் 1922இல் உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கினார்கள், இங்கு அது சட்டமாக 1995 ஆனது.) பேர்ன் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் தியோடோர் கொக்கர் கழலைகளை வெட்டி எடுப்பதில் கைதேர்ந்தவர். 1874இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் சுரப்பியை முழுதாக எடுத்தார். காயம் வடிவாக ஆறியது. ஆனால் பிள்ளை மாறிப் போய்விட்டாள் என்று அவளைப் பார்த்துவந்த ஊர் வைத்தியர் சொன்னார். ஒரு காலத்தில் அச்சில் வார்த்த மாதிரி அவளைப் போலவே இருந்த தங்கை வளர்ந்து பெரிய பெண்ணாகிவிட, இவள் குட்டையாக, முகம் வீங்கி, மந்தமாக நின்றுவிட்டாள். கொக்கர் பழைய நோயாளிகளைத் திருப்பிக் கூப்பிட்டார். முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டவர்களில் 18 பேரைப் பார்த்தபோது 16 பேருக்கு இதே கதி. 1883இல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார். 1909இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்லும். அந்த 16 பேரைப் பற்றி எத்தனை புத்தகம் சொல்லும் எண்டு தெரியேல்லை.

சுரப்பி இல்லாததுதான் நோய் என்றால், சுரப்பியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன? 1891இல் நியூகாசிலில் ஜோர்ஜ் மறே என்ற இளம் வைத்தியர் இதைச் செய்து பார்த்தார். ஆட்டின் தைரொயிட் சுரப்பியைக் கிளிசரினில் ஊறவைத்துப் பிழிந்து, 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாக ஏற்றினார். சில மாதங்களில் வீக்கம் வற்றியது, பேச்சுத் தெளிந்தது. அடுத்த வருடமே ஊசியும் தேவைப்படவில்லை. எட்வேர்ட் ஃபொக்ஸ் என்ற வைத்தியர் தன் நோயாளிக்குக் கிழமைக்கு ஒருக்கா அரை ஆட்டுச் சுரப்பியை லேசாகப் பொரித்து, கொத்தி, பழ ஜெலியுடன் சாப்பிடக் கொடுத்தார். அதுவும் வேலை செய்தது! மறேயின் நோயாளி 28 வருடம் மருந்து எடுத்து, 74 வயதில், 1919இல் இறந்தார். அவருக்காக 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவாகியிருந்தது.

அந்த 28 வருடமும் மருந்தின் அளவைச் சொல்ல எந்த இரத்தப் பரிசோதனையும் இருக்கவில்லை. குளிருதா, தோல் வறண்டிருக்கா, நாடி எப்படி ஓடுது என்று பார்ப்பார்கள். நெஞ்சு படபடத்தால், கை நடுங்கினால், நிறை விழுந்தால் மருந்து கூடிவிட்டது. திரும்பவும் மந்தமானால் குறைந்துவிட்டது. ஒரு ஆட்டின் சுரப்பி மற்ற ஆட்டினதைப் போல இராது என்பதால் கண்ணையும் காதையும் தவிர வேறு வழியும் இல்லை.

அளக்கிற ஆசை மட்டும் விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அனுசேப வீதத்தை அளந்தார்கள். நோயாளி வெறும் வயிற்றில் படுத்து, மூக்கை அடைத்து, குழாயால் மூச்சு விடவேணும். எவ்வளவு ஒட்சிசன் செலவாகிறது என்று கருவி காட்டும். பயந்தாலே எண் ஏறிவிடும் ஒரு பரிசோதனைக்கு, மூக்கைப் பொத்தி ஆளைப் படுக்க வைப்பதை நினைச்சுப் பாருங்கோ. பிறகு கணுக்கால் தசைநாணைத் தட்டி, பாதம் எவ்வளவு மெதுவாக மீளுது என்று நேரம் பிடித்தார்கள். எதுவும் நோயாளியின் வாயை விடப் பெரிதாக நம்பக்கூடியதாக இருக்கவில்லை.

மருந்து இதற்கிடையில் சுத்தமாகியது. 1914 நத்தார் தினத்தில் அமெரிக்காவில் எட்வேர்ட் கெண்டல் தைரொட்சினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். 1927இல் லண்டனில் சார்ல்ஸ் ஹரிங்டன் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். மைக்ரோகிராம் கணக்கில் துல்லியமான குளிசை பிறகு கடைக்கு வந்தது. எத்தனை மைக்ரோகிராம் தேவை எண்டு சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்த ஆள் 1965 அளவில் வந்தது. கபச்சுரப்பி, தைரொயிட்டை வேலை செய்யச் சொல்லி அனுப்புகிற ஓமோன்தான் ரி.எஸ்.எச். இரத்தத்தில் தைரொட்சின் குறைந்தால் அது கூடும், கூடினால் இது குறையும். இதைக் கதிரியக்க முறையால் மனித இரத்தத்தில் அளக்க முடிந்தது. இதன் விசேஷம் அதன் கூர்மை: தைரொட்சின் பாதியாகக் குறைந்தால் ரி.எஸ்.எச் நூறு மடங்கு அளவில் ஏறலாம். எந்த நோயாளியும் இவ்வளவு துல்லியமாகத் தன் அலுப்பைச் சொல்ல மாட்டார்.

எண் வந்ததும் ஒரு சங்கடமான உண்மை வெளியில் வந்தது. அதுவரை நாளுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை கொடுப்பது வழக்கம். புதுப் பரிசோதனை, பலருக்கு அது அளவுக்கு மிஞ்சியது என்று காட்டியது. வழமையான அளவு 100 முதல் 150க்கு இறங்கியது. இறங்கினது நல்லதுக்குத்தான். 1994இல் வெளியான ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில், 60 வயதைத் தாண்டிய 2007 பேரைப் பத்து வருடம் கவனித்தபோது, ரி.எஸ்.எச் மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் அபாயம் மூன்று மடங்காக இருந்தது. இவர்களில் பலருக்கு வெளியில் ஒரு அறிகுறியும் தெரியாது. ஆகவே "எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்ற வார்த்தையும் ஆளைக் கைவிடலாம். பழைய வைத்தியரின் கையையும் காதையும் புனிதமாக்குகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கவேணும்.

ஆனால் "நோர்மல்" என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்படும் ஒரு கூட்டத்தின் இரத்தத்தை அளந்து, நடுவில் விழும் 95 வீதத்தினரை எடுத்து, இரண்டு பக்கமும் கோடு போடுகிறார்கள். ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. கூட்டத்துக்கு இது பத்து மடங்கு அகலம். 2002இல் டென்மார்க்கில் 16 ஆரோக்கியமான ஆண்களை ஒரு வருடம் மாதாமாதம் அளந்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு ஒடுங்கிய இடத்திலேயே ஏறி இறங்கினார். ஒருவரின் இடம் மற்றவரின் இடமாக இருக்கவில்லை. அப்ப, நோயாளி சுகமாக இருந்த காலத்தில் அவரின் எண் 1 என்றால், இப்ப 3.8 என்று வரும் ரிப்போட்டும் நோர்மல்தான். பழைய எண்ணை யாரும் அளந்து வைத்திருக்காதபடியால் அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த ஆள்தான்.

இந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்றும் சோதித்தார்கள். 2006இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 56 பேருக்கு, எந்த அளவு என்று சொல்லாமல், கொஞ்சம் குறைந்த, நடுத்தரமான, கொஞ்சம் கூடிய அளவுகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ரி.எஸ்.எச் ஒழுங்காக ஏறி இறங்கியது. ஆட்களின் அலுப்பும் மனநிலையும் அதன் பின்னால் போகவில்லை. எந்த அளவு பிடித்தது என்பதிலும் தெளிவான வித்தியாசம் இருக்கவில்லை.

இதை வைத்து, நோயாளி சொல்வது வெறும் நினைப்பு என்று முடிவுகட்டுவது அவசரம் என்பது என்ர அபிப்பிராயம். 25 மைக்ரோகிராம் கூட்டிக் குறைப்பதை உடம்பு உணராது என்பது ஒரு செய்தி. அலுப்பு பொய் என்பது வேறு செய்தி, அதை அந்த ஆய்வு சொல்லவே இல்லை. அலுப்புக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், நித்திரையாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். குளிசையோடு சேர்த்து விழுங்கும் கல்சியம் மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுத்திருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

அமெரிக்கத் தைரொயிட் சங்கத்தின் 2014 வழிகாட்டி இரண்டையும் சொல்கிறது. அறிகுறிகளை மட்டும் வைத்து மருந்தின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் அறிகுறிகளைத் தொடர்ந்து கவனிக்கவேணும். அளவை மாற்றினால் நான்கு முதல் ஆறு கிழமைக்குப் பிறகுதான் திரும்ப இரத்தம் பார்ப்பது, ஏனென்றால் தைரொட்சின் உடம்பில் பாதியாகக் கரையவே ஒரு கிழமை எடுக்கும். அந்தக் கிழமைகளில் என்ன நடந்தது என்று ரிப்போட்டில் இராது. கிளினிக் கொப்பியில் எழுத இடம் இருக்கு.