சைக்ஸ் என்னும் குடும்பப் பெயர்: ஆவணங்களும் ஒய் குரோமோசோமும்

அமெரிக்காவிலிருந்து வெளிவரும் மனித மரபியல் ஆய்விதழ் ஒன்றில் 2000ஆம் ஆண்டு சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸும் கேத்தரின் இர்வெனும் சேர்ந்து எழுதியது அது. சைக்ஸ் என்ற குடும்பப் பெயருடைய ஆண்கள் 48 பேரின் ஒய் குரோமோசோமை அவர்கள் சோதித்திருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே மரபணு அமைப்பு இருந்தது. ஒப்பீட்டுக்காகச் சோதித்த, அதே வட்டாரத்துப் பிற பெயர்க்காரர்களிடமோ நாட்டின் மற்றப் பகுதியினரிடமோ அந்த அமைப்பு தென்படவில்லை. ஆகவே இன்றைய சைக்ஸ்கள் அனைவருக்கும் மூலவர் ஒருவரே என்று கட்டுரை முடிவு கட்டியது. பெயர் பல இடங்களில் தனித்தனியே பிறந்தது என்று ஆவணங்களை வைத்துச் சொல்லிவந்த பெயராய்வாளர்களுக்கு அது நேரடியான மறுப்பு.

அந்த மறுப்பு இன்றும் பல நூல்களில் நிறுவப்பட்ட உண்மையாகவே எடுத்தாளப்படுகிறது. ஆவணங்களையும் அதற்குப் பின் வந்த மரபணு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் அது நிற்காது. ஒரு பெயரைத் தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. அவர்களில் எத்தனை பேருடைய ஆண்வழி இன்றுவரை பிழைத்திருக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கண்டதாக நினைத்து இரண்டாவதற்குத்தான் அந்தக் கட்டுரை விடை தந்தது என்பதே இங்கு நான் சொல்ல விரும்புவது.

ஓடையோரத்துக் குடியிருப்பு

இங்கிலாந்தின் வடக்கே, ஹடர்ஸ்ஃபீல்ட் நகரிலிருந்து மேற்காகப் பென்னைன் மலைகளை நோக்கி ஏறும் சரிவுகளில் சதுப்பு நிலத்தின் ஊடே சிற்றோடைகள் ஏராளம். கோடையில் பலவும் வற்றிவிடும். பல இடங்களில் இரு நிலங்களுக்கு நடுவே எல்லையாகவும் அவையே இருந்தன. இத்தகைய ஓடைக்கு வட இங்கிலாந்து வழக்கில் சைக் என்று பெயர். பழைய ஆங்கிலத்திலும் வைக்கிங்குகள் கொண்டுவந்த பழைய நார்ஸ் மொழியிலும் இச்சொல்லுக்கு இணையான வடிவங்கள் உண்டு. 866இல் யார்க் நகரைப் பிடித்த ஸ்காண்டிநேவியர் பெருமளவில் குடியேறிய பகுதி இது. அதனால் இங்கே சொல்லின் ஈற்றில் ககர ஒலி அப்படியே நிலைத்தது. தெற்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் அதே சொல் சகர ஒலி பெற்றுச் சிச் என்றாயிற்று. அதிலிருந்து பிறந்த சிச் என்ற குடும்பப் பெயரும் அப்பகுதிகளில் உண்டு. தேவாலயத்தை வடக்கே கிர்க் என்றும் தெற்கே சர்ச் என்றும் வழங்குவது இதே மாற்றத்தால்தான். ஆக, சைக்ஸ் என்ற பெயரின் ஒலியே அது வடக்கத்திய பெயர் என்று காட்டிவிடுகிறது.

ஓடைக்கரையில் வீடு கட்டியிருந்தவனை ஊரார் ஓடையோரத்தான் என்று அழைத்ததே பெயரின் தொடக்கம். இடைக்கால எழுத்தர்கள் இதை டெல் சைக், அட்டெ சைக் என்று முன்னொட்டோடு எழுதினார்கள். பின்னர் முன்னொட்டு உதிர்ந்தது. கடைசியில் ஸகரம் ஒட்டியது. புரூக் என்பது புரூக்ஸ் ஆனதும் ஹில் என்பது ஹில்ஸ் ஆனதும் இதே போக்கில்தான்.

இப்படி ஓடை பார்த்து வைத்த பெயர் ஒரே ஒருவனுக்குத்தான் வாய்த்தது என்று நம்புவது கடினம். ஓடை இல்லாத மேட்டூர் அங்கே அரிது. பெரும் நிலவுடைமைக்காரர்களிடம் தந்தைவழிப் பெயர் 1066ஆம் ஆண்டு நார்மன் படையெடுப்புக்குப் பின் இரண்டொரு நூற்றாண்டில் நிலைபெற்றது. உழவர்களிடம் அது வந்து சேர 14ஆம் நூற்றாண்டாயிற்று; வடக்கே இன்னும் தாமதம். அந்த நீண்ட இடைவெளியில் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஓர் ஓடையோரத்தான் இருந்திருப்பான். ஓடையை விட்டு இடம் பெயர்ந்த பிறகும் மகனுக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டதா என்பதே குடும்பப் பெயருக்கும் வெறும் அடையாளப் பெயருக்கும் உள்ள வேறுபாடு.

வரிச் சுருளும் மன்றச் சுருளும்

இதைச் சோதிக்க மேற்கு யார்க்ஷயரில் இருப்பது போன்ற ஆவணச் செல்வம் இங்கிலாந்தில் வேறெங்கும் அதிகம் இல்லை. வேக்ஃபீல்ட் பண்ணை மன்றத்தின் சுருள்கள் 1274 முதல் கிடைக்கின்றன. நிலம் கைமாறியது, வேலியை உடைத்தது, கடன் திருப்பாதது என்று சாமானியர் வாழ்க்கை முழுவதும் பெயரோடு அவற்றில் பதிவாகியிருக்கிறது. அடுத்த பெரும் ஆவணம் 1379ஆம் ஆண்டின் தலைவரிப் பட்டியல். 16 வயது கடந்த தனியாளோ மணமான தம்பதியரோ குறைந்தது நான்கு பென்னி கட்ட வேண்டும் என்பது விதி. மேற்கு ரைடிங் எனப்பட்ட மேற்கு யார்க்ஷயருக்கு இந்தப் பட்டியல் ஊர் ஊராகப் பிழைத்திருப்பது பெயராய்வாளர்களின் நற்பேறு. இரண்டே ஆண்டில், இன்னொரு தலைவரியை எதிர்த்து உழவர் கிளர்ச்சி மூண்டதையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்தப் பட்டியல்கள் வாழ்த்தி எழுதப்பட்டவை அல்ல. மக்களைப் பிழிவதற்காகத் தயாரானவை.

ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ் தம் வாழ்நாளை இந்தச் சுருள்களுக்கே கொடுத்தவர். மேற்கு ரைடிங் பெயர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1973இல், இங்கிலாந்துக் குடும்பப் பெயர்களை மாவட்டவாரியாக ஆராயும் வரிசையின் முதல் தொகுதியாக வந்தது. அகராதி பார்த்துப் பெயருக்குப் பொருள் சொல்வதோடு நிற்கக் கூடாது, ஒவ்வொரு பெயரையும் அது பிறந்த பண்ணைவீடு வரை பின்தொடர வேண்டும் என்பது அவர் முறை. டைசன் என்ற பெயர் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அருகே லிந்த்வெயிட் ஊரில் வாழ்ந்த டயனிசியா என்ற பெண்ணின் பெயரிலிருந்து கிளைத்தது என்பது இந்த வழியில் தெரியவந்ததுதான். டைசனைப் போல ஒற்றை ஊற்றில் பிறந்த பெயர்கள் அப்பகுதியில் பல உண்டு. ஆனால் ஓடை, மேடு, காடு என்று நிலத்தின் பொதுச்சொல்லில் பிறந்த பெயரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

யார்க்ஷயரின் ஒரு மூலைக்கு அப்பாலும் பெயருக்கு ஊற்றுகள் இருந்திருக்கின்றன. பௌலண்ட் காட்டில் சைக்ஸ் என்றே ஒரு சிற்றூர் உண்டு. கிழக்கு யார்க்ஷயரின் ஸ்லெட்மியர் மாளிகையை ஆண்ட சைக்ஸ் குடும்பத்தின் முன்னோரான வில்லியம் சைக்ஸ், கம்பர்லாந்தில் கார்லைல் நகருக்கு அருகே சைக்ஸ் டைக் என்ற இடத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் லீட்ஸ் பக்கம் வந்து துணி வணிகம் தொடங்கியவர். அவர் வழியினர் பின்னர் ஹல் துறைமுகத்தில் பெருவணிகர்களாகி 1783இல் பாரனெட் பட்டம் பெற்றார்கள். மத்திய கிழக்கைக் கூறு போட்ட 1916ஆம் ஆண்டின் சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தத்தில் இருப்பது இந்தக் குடும்பத்து மார்க் சைக்ஸின் பெயர். ஹடர்ஸ்ஃபீல்ட் ஓடையோடு இவர்களுக்குக் குருதித் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

தறி கட்டிவைத்த பெயர்

19ஆம் நூற்றாண்டில் பெயர் பரவியிருந்த விதம் தெளிவானது. 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை வரைபடமாக்கினால் சைக்ஸ் பெயர் மேற்கு ரைடிங்கில், அதிலும் ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றி, அடர்ந்து கிடக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை 1998ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பல ஆங்கிலப் பெயர்கள் நூறாண்டுக்குப் பிறகும் தாய்நிலத்தை விட்டு அதிகம் விலகவில்லை என்பது அதில் தெரிந்தது. சைக்ஸுக்கும் இன்றுவரை யார்க்ஷயரே மையம்.

இத்தனை நெருக்கத்துக்குக் காரணம் கம்பளித் துணி. மலைச்சரிவில் இருந்த நிலம் மெலிந்தது; அதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. ஆனால் வீட்டுக்குள் ஒரு தறி, ஓரிரு மாடு, சில ஏக்கர் புல்வெளி என்று மூன்றையும் சேர்த்தால் பிழைக்கலாம். 1720களில் இப்பகுதியைக் கடந்த டேனியல் டீஃபோ, ஹாலிஃபாக்ஸ் சரிவுகளில் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டின் முன்னும் துணி விரித்துக் காய்ந்ததை எழுதியிருக்கிறார். மற்ற மாவட்டங்களில் நிலமற்ற இளைய மகன்கள் ஊரை விட்டுப் போனார்கள். இங்கே தறி அவர்களைப் பிடித்துவைத்தது. அவர்களும் மணந்து, பிள்ளை பெற்று, பக்கத்துச் சரிவிலேயே குடியேறினார்கள். ஒரு குடும்பம் பல்கிப் பெருகவும் அதே நேரத்தில் சொந்தப் பள்ளத்தாக்கிலேயே தங்கவும் இதைவிடப் பொருத்தமான சூழல் அமைவது அரிது. ஆலைகள் வந்தபோது அவர்கள் மேட்டிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கினார்கள், அவ்வளவே. சிலர் மலையைத் தாண்டி லங்காஷயர் பஞ்சாலைகளுக்குப் போனார்கள். நகைச்சுவை நடிகர் எரிக் சைக்ஸ் 1923இல் பிறந்த ஓல்டம் அத்தகைய ஆலை நகரம்.

கடல் கடந்த பரவலைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா என ஆங்கிலேயர் குடியேறிய நாடுகள் அனைத்திலும் பெயர் உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களிடமும் அது வழங்குகிறது. இந்தியாவில் அது பறவைகளின் பெயரில் தங்கியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றிய வில்லியம் ஹென்றி சைக்ஸ் 1824இல் பம்பாய் அரசின் புள்ளிவிவர அதிகாரியானார். தக்காணப் பறவைகளின் பட்டியலை 1832இல் வெளியிட்டார். தக்காணத்து வானம்பாடி ஒன்றும், குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கு வலசை வரும் கதிர்க்குருவி ஒன்றும் இன்றும் அவர் பெயரால் குறிக்கப்படுகின்றன. உப்புச் சத்தியாகிரகத்தின்போது பம்பாய் ஆளுநராக இருந்தவரும் ஒரு சைக்ஸ்தான்: 1928 முதல் 1933 வரை பதவியிலிருந்த ஃபிரெடரிக் சைக்ஸ்.

48 ஆண்களும் 1.3 விழுக்காடும்

இனி 2000ஆம் ஆண்டுக் கட்டுரைக்குத் திரும்பலாம். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. ஆங்கிலக் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் துணிந்த பிரையன் சைக்ஸைப் பாராட்ட வேண்டும். தமக்கும் மருந்து நிறுவனத் தலைவர் ரிச்சர்ட் சைக்ஸுக்கும் உறவு உண்டா என்ற கேள்வியே ஆய்வின் தூண்டுகோல் என்று 2003இல் வந்த தம் நூலில் அவர் எழுதியிருக்கிறார். இருவரின் குரோமோசோமும் பொருந்தின.

சிக்கல் பொருந்தாதவர்களிடம்தான். மூலவர் ஒருவரே என்று கொண்டால், பொதுவான அமைப்பு இல்லாத சைக்ஸ்கள் எங்கிருந்து வந்தார்கள்? எழுநூறு ஆண்டுகளில் எங்கோ ஒரு தலைமுறையில் பெயருக்குரிய தந்தை வேறு, பெற்ற தந்தை வேறு என்று ஆகியிருக்க வேண்டும். அந்த விகிதத்தைத் தலைமுறைக்கு 1.3 விழுக்காடு என்று கட்டுரை கணித்தது. பொதுமக்களுக்காக எழுதியவர்கள் இதை மனைவியர் கற்பின் கணக்காக்கிவிட்டார்கள்.

இந்த எண்ணின் மீது எனக்கு வலுவான மறுப்பு உண்டு. பொருந்தாத குரோமோசோமுக்குப் பல வழிகள் இருந்தன. மணமாகாத சைக்ஸ் பெண்ணின் மகன் தாயின் பெயரையே பெற்றான். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விதவை மறுமணம் செய்தபோது அவள் பிள்ளைகள் புதுக் கணவனின் பெயருக்கு மாறியதுண்டு. அநாதைகள் வளர்ப்புத் தந்தையின் பெயரைப் பெற்றார்கள். சொத்துக்காக மருமகன் மாமனாரின் பெயரை ஏற்றான். இவற்றையெல்லாம் விட எளிய வழி ஒன்று உண்டு: பொருந்தாதவர்களில் ஒரு பகுதியினர் முற்றிலும் வேறோர் ஓடைக்கரையில் தொடங்கிய சைக்ஸ்களின் வாரிசுகள். கம்பர்லாந்திலிருந்து வந்த துணி வணிகரின் வழி அதற்குச் சான்றாகக் கண்முன் நிற்கிறது. பல ஊற்றுகளை ஒப்புக்கொண்ட அளவுக்கு அந்த 1.3 விழுக்காடு கீழே இறங்கியாக வேண்டும். ஒற்றை மூலவரை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டதால் கிடைத்த எண்ணை வைத்து, இருபதுக்கு மேற்பட்ட தலைமுறைப் பெண்களின் மீது குற்றம் சுமத்துவது நியாயமல்ல.

அப்படியானால் பாதிப் பேரிடம் ஒரே அமைப்பு எப்படி வந்தது? ஆண்வழி அழிவது மிக எளிது. மகன் இல்லாமல் போனால், பெண்பிள்ளைகள் மட்டும் பிறந்தால், அந்த வழி அங்கேயே நிற்கிறது. 1349இல் யார்க்ஷயரைத் தாக்கிய கொள்ளைநோயை நினைத்துப் பாருங்கள். 1379ஆம் ஆண்டுப் பட்டியலில் இருப்பவர்களே அதில் தப்பியவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். அதன் பிறகும் ஒவ்வொரு தலைமுறையிலும் சில வழிகள் மறைந்துகொண்டே போகும். தற்செயலாகச் சில வழிகள் பெருகும். தறி வைத்திருந்த பள்ளத்தாக்கில் நிலைகொண்ட வழி மற்றவற்றை எண்ணிக்கையில் மூழ்கடித்திருக்கலாம். பத்துப் பேர் தொடங்கிய பெயரில் கூட, இன்று பாதிப் பேர் ஒருவனின் வாரிசுகளாக இருக்க முடியும்.

இது வெறும் ஊகம் அல்ல. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 2009இல் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தார்கள். ஒரே வழியில் வந்தவர்களின் குழுக்களில் அடங்கியோர் சராசரியாக 62 விழுக்காடு. பெயருக்குப் பெயர் அது சுழியிலிருந்து 87 விழுக்காடு வரை மாறியது. பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு உறவு நெருக்கம். ஆனால் பல குழுக்களின் வயது பெயரின் வயதைவிடக் குறைவு. ஆண்வழிகளின் தற்செயலான அழிவும் பெருக்கமும் இன்றைய படத்தை மிகவும் மாற்றிவிட்டன என்றும், எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய மூலவர்களைப் பற்றி அது நம்பகமாக அதிகம் சொல்லாது என்றும் அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த டூரி கிங்கே ரெட்மண்ட்ஸுடனும் வரலாற்றாசிரியர் டேவிட் ஹேயுடனும் சேர்ந்து 2011இல் நூல் எழுதினார். வரிச் சுருளைப் படிப்பவரும் மரபணுவைப் படிப்பவரும் ஒரே மேசைக்கு வந்த அந்தக் கூட்டுழைப்பு தொடக்கத்திலேயே நடந்திருக்க வேண்டியது.

மரபணுவின் சான்றைத் தள்ளிவிடச் சொல்வது என் நோக்கமல்ல. யார்க்ஷயரின் அரிய குடும்பப் பெயர் ஒன்றைச் சேர்ந்த 18 ஆண்களில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்க ஒய் குரோமோசோம் இருப்பதை 2007இல் இதே லெஸ்டர் குழு கண்டது. அவர்களின் வம்சாவளி 1780களில் யார்க்ஷயரில் பிறந்த முன்னோர் வரை சென்று நின்றது. எந்தத் திருச்சபைப் பதிவேடும் சொல்லாத செய்தி அது. மரபணு மட்டுமே சொல்லக்கூடியவை உண்டு. மூலவர்களின் எண்ணிக்கை அவற்றில் ஒன்றல்ல.

2000ஆம் ஆண்டுச் சோதனை நான்கே மரபணுக் குறியீடுகளைக் கொண்டு நடந்தது. இன்று நூற்றுக்கணக்கான குறியீடுகளைப் படிக்கலாம். ஒரு கிளை எந்த நூற்றாண்டில் பிரிந்தது என்றுகூட ஓரளவு கணிக்கலாம். ஹடர்ஸ்ஃபீல்ட், பௌலண்ட், கம்பர்லாந்து ஆகிய மூன்று பகுதிகளின் சைக்ஸ்களையும் ஆவணத்தில் நிறுவிய வம்சாவளியோடு சேர்த்து அந்த முறையில் மீண்டும் சோதிக்க வேண்டும். அதுவரை, 1.3 விழுக்காட்டை எடுத்தாளும் எவரும் அது ஒற்றை மூலவர் என்ற அனுமானத்தின் மேல் நிற்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.